வலி மாத்திரையோடு வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?

மருந்தாளுநர் பதில்கள்

வலி மாத்திரை பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லாமே டாக்டர் எழுதிக்கொடுக்கிற, வலியோடு வீக்கத்தையும் குறைக்கிற மாத்திரைகளைப் பற்றியவை. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென், மெஃபினாமிக் ஆசிட், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் என்று பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். வோல்ட்டரென், பொன்ஸ்டன், ஆர்காக்சியா, செலிப்ரெக்ஸ் என்று பெரிய எழுத்தில் இருப்பவையும் இவைதான். பனடால் (பாரசிட்டமால்) இந்தக் கூட்டத்தில் சேராது, அது வேறு வகை, கீழே அடிக்கடி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அப்பாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் லோசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பல வருடமாகச் சாப்பிடுகிறார், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிப்பிசைட். முழங்கால் வலி என்று வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனார், ஆர்காக்சியா 90 மில்லிகிராம் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்று திரும்பத் திரும்பப் போய் வாங்கி, இப்போது மூன்று வாரமாகிறது. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, வீட்டில் பார்த்தால் அழுத்தம் 162. வலி மாத்திரையால் இருக்குமா? (வாசகி, ஈசூன்)

இருக்கும். இந்தப் பதிலை நீங்கள் படிக்கிற நேரத்தில் அவர் இன்னும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லி, கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர் மிகவும் குறைந்துபோனால், மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் நேரே அவசரப் பிரிவு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் அப்பா சாப்பிடுகிற ஆர்காக்சியா, லோசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைட் மூன்றும் தனித்தனியாக நல்ல மருந்துகள், ஆனால் மூன்றும் சேரும்போது சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். உள்ளே வருகிற குழாயை விரித்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு, அதுவும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் குறைந்திருப்பவர்களுக்கும் அதை நம்பித்தான் வடிகட்டுதலே நடக்கிறது. வலி மாத்திரைகள் வேலை செய்வதே இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான். ஆஸ்பிரின் அப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார், 1982-ல் நோபல் பரிசை இன்னும் இரண்டு பேரோடு பகிர்ந்துகொண்டார். ஆக, ஆர்காக்சியா உள்ளே வரும் வழியைச் சுருக்குகிறது. லோசார்டான் வெளியே போகும் வழியைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைட் உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது சுலபம், மொத்த அளவும் குறைவு. வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. லோசார்டான் இடத்தில் எனலாப்ரில், லிசினோப்ரில், வால்சார்டான் இருந்தாலும், நீர் மாத்திரை ஃப்ரூஸமைடாக இருந்தாலும் இதே கதைதான். ஸ்பைரோனோலாக்டோன் என்றால் பொட்டாசியம் ஏறும் ஆபத்து இன்னும் அதிகம்.

கால் வீங்குவது, அழுத்தம் ஏறுவது இரண்டும் இதே காரணத்தால்தான்: வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகிறது, அழுத்த மாத்திரையின் வேலையையும் கெடுக்கிறது. அழுத்தம் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கு, அது கட்டுக்குள் வரும்வரை எட்டோரிகாக்சிப் கொடுக்கவே கூடாது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. தேய்மான முழங்கால் வலிக்கு வழக்கமான அளவும் 30 மில்லிகிராம், போதாவிட்டால் 60. புதுவகை மாத்திரை, வயிற்றுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுப்பார்கள், வயிற்றைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையும்கூட. சிறுநீரகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சர்க்கரை மாத்திரைகளையும் எழுதியிருந்தீர்கள். சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கும். கிளிப்பிசைட், கிளிக்கிளசைட் வகையறாவோடு சில வலி மாத்திரைகள் சேரும்போது சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பசி எடுத்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் விரலில் குத்திப் பாருங்கள்.

முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சரியான அளவில் பனடால், முழங்காலில் தடவ டைக்ளோஃபெனாக் ஜெல், பலதுறை மருந்தகத்திலேயே பிசியோதெரபிக்கு ஒரு பரிந்துரை. தொடை முன்தசை வலுவானால் முழங்கால் வலி குறையும், அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பதால் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அப்பாவுக்கு நீங்கள் கூட உட்கார்ந்து செய்ய வையுங்கள்.

ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகம், வலிக்கு ஜிபி, பல்லுக்கு வேறு கிளினிக், இதயத்துக்கு மருத்துவமனை. ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குச் சரியாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் மொத்தப் பட்டியலும் ஒரே மேசைக்கு வருவதில்லை. 2023-ல் வந்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள வழி இருக்கிறது, அப்பாவைப் பதிந்துவிடுங்கள். அதுவரை, எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி, பெயரும் மில்லிகிராமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதலில் அதைக் காட்டட்டும்.

போன வருடம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 100, கிளோப்பிடோகிரெல் 75 இரண்டும் தினமும். பல் பிடுங்கிய இடத்தில் வலிக்கு ஐபுப்ரோஃபென் 400 மூன்று வேளை, வயிற்றுக்கு ஒமிப்ரசோல் என்று கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடலாமா அம்மா? (வாசகர், பிடோக்)

ஐயா, ஐபுப்ரோஃபெனைச் சாப்பிட வேண்டாம். பல் மருத்துவருக்குப் போன் பண்ணி, ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், பனடாலுக்கு மாற்றிக்கொடுப்பார். அதற்காக ஆஸ்பிரினையோ கிளோப்பிடோகிரெலையோ ஒரு நாள்கூட விடாதீர்கள், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது பல்வலியைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து.

ரத்தக்கசிவு ஒரு பக்கம். உங்கள் இரண்டு மாத்திரைகளும் ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கின்றன, ஐபுப்ரோஃபென் அதோடு சேர்ந்து இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் மெலிய வைக்கிறது, அப்புறம் புண்ணிலிருந்து கசிய ஆரம்பித்தால் நிற்காது. பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம், ஐபுப்ரோஃபென் உங்கள் ஆஸ்பிரினையே வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். தட்டணுவில் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் முதலில் போய் அமர்ந்துகொள்ளும். ஆஸ்பிரின் உட்கார்ந்தால் அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாள், அங்கேயே இருக்கும். ஐபுப்ரோஃபென் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும், ஆனால் அதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து காலியாகியிருக்கும். அதனால்தான் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு எப்போதாவது ஒரு ஐபுப்ரோஃபென் கட்டாயம் தேவைப்பட்டால், சாதாரண ஆஸ்பிரினை முதலில் சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழித்து, அல்லது ஐபுப்ரோஃபென் சாப்பிட்டு எட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஆஸ்பிரின் என்று இடைவெளி சொல்கிறார்கள். இரைப்பையில் கரையாமல் குடலில் கரைகிற பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உங்களைப் போல இரண்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஒமிப்ரசோலையும் கேளுங்கள். கிளோப்பிடோகிரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் மருந்தாகிறது, அந்த மாற்றத்தை ஒமிப்ரசோல் தடுக்கிறது. வயிற்றைக் காப்பாற்ற ஏதாவது தேவை என்றால் பேன்ட்டோப்ரசோல் போன்ற ஒன்றைத்தான் இதயநோய் மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அப்பிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான் சாப்பிடுகிற வாசகர்களும் உங்கள் கேள்வியைத் தங்கள் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளட்டும், பதில் அதேதான். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது வயிற்றுக்குள் ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுப்பாகும்தான், ஆனால் இந்த மருந்துகள் சாப்பிடுகிறவர் அப்படி நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. தலை சுற்றல், காப்பித்தூள் மாதிரி வாந்தி என்றால் 995.

ஜூரோங் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன் அக்கா. ஊரிலிருந்து வரும்போது அம்மா உடம்புவலிக்கு அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை நான்கு அட்டை வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு நாளாகக் காய்ச்சல், கைகால் எல்லாம் உடைகிற மாதிரி வலி. கிளினிக்கில் முதுகுவலிக்குப் போன வாரம் கொடுத்த டைக்ளோஃபெனாக்கும் மிச்சம் இருக்கிறது, பனடாலும் இருக்கிறது. எதைச் சாப்பிட? (வாசகர், ஜூரோங்)

தம்பி, பனடால் மட்டும். மற்ற இரண்டையும் தொடாதே. சிங்கப்பூரில் கைகால் உடைகிற மாதிரி வலியோடு காய்ச்சல் என்றால் அது டெங்கி இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லும்வரை டெங்கி என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். டெங்கியில் தட்டணுக்கள் குறையும், அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதைப் போட்டாலும் ரத்தம் கசிகிற ஆபத்து ஏறும். நாளைக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் என்று யோசிக்காமல் கிளினிக்குக்குப் போ. ஊசி போடலாமா என்று கேட்டால், காய்ச்சல் என்பதைச் சொல், வலி ஊசியிலும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான் இருக்கும்.

காய்ச்சல் போன பிறகும் இரண்டு விஷயம் நினைவில் வை. அசிக்ளோஃபெனாக்கும் டைக்ளோஃபெனாக்கும் பெயரில்தான் வேறு, செய்யும் வேலை ஒன்று. இரண்டையும் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் கூடும். பொதுவாக இந்தக் கூட்டத்தில் ஒரு சமயத்தில் ஒன்றுதான். அடுத்தது, அம்மா கொடுத்த மாத்திரை ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 325 மில்லிகிராம் ஒளிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, பனடால் 500 என்றால் எட்டு மாத்திரை. காய்ச்சலுக்கு எட்டு பனடாலும் வலிக்கு ஊர் மாத்திரையும் போட்டால் கணக்கு தாண்டிவிடும், கல்லீரல் தாங்காது. மது குடிக்கிற பழக்கம் இருந்தால் வரம்பு இன்னும் கீழே, அப்புறம் மதுவோடு வலி மாத்திரை வயிற்றில் புண் போட மிகச் சுலபமான வழி.

அம்மாவிடம் இதைச் சொல்லும்போது கோபப்படாதே. பிள்ளை தனியாக இருக்கிறானே என்று கொடுத்தது. அடுத்த முறை வெறும் பாரசிட்டமால் போதும் என்று சொல்லிவிடு.

மாதவிலக்கு வலிக்கு பொன்ஸ்டன் கொடுத்தார்கள். நான் மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சாப்பிடுவதைக் கிளினிக்கில் சொல்லவில்லை, அங்கே வேலை செய்கிற ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். பிரச்சினை வருமா? (வாசகி, தெம்பனிஸ்)

முதலில், செர்ட்ராலினை இதற்காக நிறுத்தாதீர்கள். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள செரட்டோனின் வேண்டும், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், எஸிட்டலோப்ரம் போன்றவை தட்டணுவுக்குள் அதைக் குறைத்துவிடும். கூடவே பொன்ஸ்டனும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடுகிறது. இளம் வயது, வயிற்றுப்புண் வந்ததில்லை, வேறு மருந்து இல்லை என்றால், மாதத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுவதில் ஆபத்து குறைவுதான். மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுகிற மூத்தவர்களுக்குத்தான் பெரிய கவலை.

ஆனால் மறைத்ததால் வரக்கூடிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. பொன்ஸ்டன் கேட்கவில்லை என்று அடுத்த முறை ட்ரமடோல் என்ற வேறு வகை வலி மாத்திரை எழுதினால், அது செர்ட்ராலினோடு சேரும்போது மிகவும் எச்சரிக்கை வேண்டிய ஜோடி: நடுக்கம், காய்ச்சல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் அதையும் சொல்ல வேண்டும், எட்டோரிகாக்சிப் அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தெரிந்தவர் காதில் விழும் என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. கவுன்டரில் வாயால் சொல்ல வேண்டாம், டாக்டர் அறைக்குள் போய்க் கதவு மூடிய பிறகு போனில் இருக்கும் மருந்துப் பெயரைக் காட்டுங்கள். அங்கே போகவே மனசில்லை என்றால் வேறு கிளினிக்குக்குப் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. கூடவே செலிகாக்சிப்பும் அதே டாக்டர்தான் தருகிறார். இரண்டும் சேரக் கூடாது என்று தங்கை பயமுறுத்துகிறாள். (வாசகி, உட்லண்ட்ஸ்)

தங்கை சொல்வதில் பாதி சரி. இந்த மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். உங்கள் டாக்டர் அது தெரிந்துதான் குறைந்த அளவில் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் வரச் சொல்கிறார், ஆகவே அந்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஆபத்து வெளியிலிருந்துதான் வரும்: வேறொரு கிளினிக்கில் இன்னொரு வலி மாத்திரை, அல்லது வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றிய நாளில் இரண்டையும் தொடர்ந்து சாப்பிடுவது. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மாதிரி அளவு ஏறும், அவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இந்த வகை வலி மாத்திரை எதுவும் தொடவே கூடாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்து சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

அம்மாவுக்கு யாரோ ஜொகூரிலிருந்து மூலிகை கேப்சூல் வாங்கித் தருகிறார்கள். மூன்றே நாளில் மூட்டுவலி போய்விட்டது. லேபிளில் மூலிகைப் பெயர்தான் இருக்கிறது. டாக்டர் கொடுத்த நாப்ராக்சனோடு சேர்த்துச் சாப்பிடலாமா? (வாசகர், ஹவ்காங்)

மூட்டுவலி மூன்றே நாளில் போனால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இப்படி வலிக்கு விற்கிற பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் டைக்ளோஃபெனாக்கையும் லேபிளில் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டும் நாப்ராக்சனும் சேர்ந்தால் வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு. அம்மாவின் முகம் உருண்டு போயிருக்கிறதா, பசி அதிகமாகியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உள்ளே ஸ்டீராய்டு இருந்திருந்தால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும், அம்மா தளர்ந்து விழுந்துவிடலாம். பாக்கெட்டோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். நாப்ராக்சனை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

மஞ்சள் கேப்சூல், பூண்டு கேப்சூல், ஜிங்கோ, மீன் எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. சமையலில் போடுகிற மஞ்சளும் பூண்டும் பிரச்சினையே இல்லை. கேப்சூலாகச் செறிவூட்டியது வேறு கணக்கு, குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. மருந்துப் பட்டியலில் அதையும் சேர்த்து எழுதுங்கள். தடவுகிற ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் ஒரு சிறு பங்குதான், ஆனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு போய்ச் சேர்ந்ததும் தோளும் முதுகும் நகர முடியாது. முன்கூட்டியே ஒரு நாப்ராக்சன் போட்டுக்கொண்டு கிளம்பலாமா? ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறேன். (வாசகர், செம்பவாங்)

வேண்டாம் ஐயா. விரதத்தில் வயிறு காலி, வெயிலில் வியர்வை, உடம்பில் நீர் இல்லை, கூடவே எனலாப்ரில். முதல் கடிதத்தில் சொன்ன சிறுநீரகச் சிக்கலுக்கு வேண்டிய எல்லாமே இங்கே ஒன்றாக வந்துவிடுகிறது. அலகு குத்துகிறவர் என்றால் குத்திய இடத்தில் ரத்தம் அதிக நேரம் கசியும், நாப்ராக்சனின் வேலை உடம்பில் பல மணி நேரம் நிற்கும் என்பதால் முதல் நாள் இரவே போட்டாலும் அதே தொல்லை. நோன்பு வைக்கிற வாசகர்களுக்கும் சொல்கிறேன், நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்துவிட்டு நோன்பு திறந்த வேகத்தில் வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போடாதீர்கள்.

கோயிலில் இறக்கி வைத்த பிறகு முதலில் தண்ணீர், மோர், அப்புறம் சாப்பாடு, சிறுநீர் நன்றாகப் போகிற வரை எந்த வலி மாத்திரையும் வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் பனடால் இரண்டு. காயமில்லாத இடத்தில் மட்டும் ஜெல் தடவிக்கொள்ளலாம். எனலாப்ரிலை அன்று காலை எப்படிச் சாப்பிடுவது என்பதை விரதம் ஆரம்பிக்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.